மகள் லண்டனில், அம்மா சுங்கை சிப்புட்டில்: எத்தனை மணிக்குக் கூப்பிடுவது?

தங்கச்சி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. மகள் செப்டம்பர் கடைசியில் மலேசியாவிலிருந்து தாதிமைப் (நர்சிங்) படிப்புக்கு லண்டன் போகிறாள். நேர வித்தியாசம் ஏழு மணி என்கிறார் ஒருவர், எட்டு என்கிறார் இன்னொருவர், எது சரி? நீங்களோ கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை, எப்போது கூப்பிட்டால் அவள் தூக்கம் கெடாது? அங்கே ஒரு நாள் எப்படித்தான் ஓடும்? கேள்வி நாலு வரிதான், பதில் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1990-இல் பேராக் மாநிலத்து இதே சுங்கை சிப்புட்டின் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடு) அதே படிப்புக்கு அதே ஊருக்குப் போய், பதினோரு வருடம் இருந்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்தவள் நான்.

முதலில் ஏழா எட்டா. இரண்டும் சரி. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஏழு, மற்ற ஐந்து மாதமும் எட்டு. நாம்தான் எப்போதும் முன்னால் இருக்கிறோம். நம் கடிகாரம் அசையாது, அவர்களுடையதுதான் வருடத்துக்கு இரண்டு முறை முன்னும் பின்னும் நகரும், கோடை வெளிச்சத்தை மாலையில் கூடுதலாக அனுபவிக்க வேண்டுமாம். வில்லியம் வில்லெட் என்ற வீடு கட்டும் தொழில்காரர் 1907-இல் கிளப்பிய யோசனை அது, முதல் உலகப்போர் நடுவில் 1916-இல் சட்டமானது, இன்றுவரை விட்டபாடில்லை. 2026-இல் அக்டோபர் 25-ஆம் தேதி ஞாயிறு மாறும். அவர்களுக்கு அது பின்னிரவு, நமக்கு அன்று காலை சரியாக 9 மணி, வீட்டில் எல்லாரும் பசியாறிக்கொண்டிருக்கும் நேரம். கைப்பேசிக் கடிகாரம் தானாக மாறிக்கொள்ளும். மனுஷ மனசு அப்படி மாறாது, சிக்கல் அங்கேதான்.

1991-இல் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்போது லயத்து வீட்டில் போன் கிடையாது. பட்டணத்தில் ஒரு மளிகைக் கடையில் இருந்தது, கடைக்காரருக்கு எங்கள் அப்பாவைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை இரவு 8 மணிக்கு நான் அந்தக் கடைக்குக் கூப்பிடுவேன், அம்மா மாமாவின் மோட்டாரில் மூன்று கட்டை (மைல்) தூரம் வந்து ஏழே முக்காலுக்கே போன் பக்கத்தில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருப்பார். லண்டனில் எனக்கு அது பகல் 1 மணி. அந்த அக்டோபர் கடைசி சனிக்கிழமை எனக்கு இரவு வேலை. பின்னிரவு 2 மணி ஆனதும் வார்டு கடிகாரத்தை 1 மணிக்குத் திருப்பி வைக்க வேண்டும், நாற்காலியில் ஏறித் திருப்பியது நானேதான். பன்னிரண்டு மணி நேர வேலை அன்றைக்குப் பதின்மூன்று ஆனது. ஒரு தாத்தாவுக்கு ஒரு மணிக்கொரு தரம் காய்ச்சல் பார்த்து அட்டையில் எழுத வேண்டும், 1.30 என்று எழுதினேன், அடுத்து மறுபடியும் 1.30. எதற்கு எது முதல் என்று நாளைக்கு டாக்டர் குழம்புவாரே என்று சிஸ்டரிடம் கேட்டால், ஒன்றில் பழைய நேரம், மற்றதில் புது நேரம் என்று எழுதிவை என்றார். எழுதினேன். அவ்வளவு கவனமாக இருந்தவள், காலையில் அறைக்கு வந்து தூங்கி எழுந்து, பழக்கப்படி பகல் 1 மணிக்குத் தெருமுனைப் போன் பெட்டிக்குப் போனேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

இங்கே அப்போது இரவு 9. கடைக்காரர் எட்டரை வரை பொறுத்துப் பார்த்திருக்கிறார், அப்புறம் முன்பக்கப் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பூட்டிவிட்டுப் போய்விட்டார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அம்மா மட்டும் கடை முன்னால் இருக்கும் நடைபாதையில், அஞ்சடியிலேயே நின்றிருக்கிறார். பூட்டின கடைக்குள் போன் அடிப்பது அவருக்குக் கேட்டிருக்கிறது. அடித்து அடித்து ஓய்ந்தது. பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது, ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் சொல்லத்தான் இந்நேரத்தில் கூப்பிடுகிறார்கள் என்று முடிவு கட்டி, மறுநாள் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கப் போகாமல் காலை ஏழு மணிக்கே கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். நான் விஷயம் புரிந்து திரும்பக் கூப்பிட்டது அன்று மத்தியானம். இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த இல்லை. இப்போது வாட்ஸ்அப் இருக்கிறது, இப்படியெல்லாம் ஆகாது. ஆனால் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அதற்கு அடுத்த வாரமும் வழக்கமான நேரத்தில் அவள் எடுக்காவிட்டால் பதறாதீர்கள், முதலில் தேதியைப் பாருங்கள்.

சரி, எப்போது கூப்பிடுவது. நமக்கு ஓய்வாக இருக்கும் நேரம் பெரும்பாலும் சமையல் முடிந்த மத்தியானம், 12-லிருந்து 2 வரை. அதுதான் ஆகவே ஆகாத நேரம். குளிர்காலத்தில் அவளுக்கு அப்போது விடிகாலை 4-லிருந்து 6. அந்த நேரத்தில் போன் அடித்தால் யாருக்கும் சாவுச் செய்திதான் ஞாபகம் வரும். சும்மா "சாப்பிட்டியா" என்று கேட்கக் கூப்பிட்டேன் என்றால் பிள்ளைக்குக் கோபம் வருமா வராதா? ஒரு அவசரமும் இல்லாவிட்டால் செய்தி மட்டும் அனுப்பிவிட்டு விடுங்கள், எழுந்ததும் பார்ப்பாள்.

நல்ல நேரம் இரண்டு உண்டு. ஒன்று நம் விடிகாலை, 5.30-லிருந்து 6.30 வரை. அவளுக்கு முந்தைய நாள் இரவு, குளிர்காலமானால் ஒன்பதரை பத்தரை, கோடையானால் பத்தரை பதினொன்றரை. அன்றைக்கு நடந்ததெல்லாம் அவள் சொல்வாள், உங்களுக்கு நாள் தொடங்கியே இருக்காது, அதனால் நீங்கள் கேட்க மட்டும் செய்யலாம், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். இன்னொன்று நம் இரவு 8-லிருந்து 10 வரை, அவளுக்கு நண்பகலை ஒட்டிய நேரம், வகுப்போ வார்டோ இருந்தால் சாப்பாட்டு இடைவேளையில் ஐந்து நிமிடம் கிடைக்கும். சனி ஞாயிறு என்றால் நம் மாலை 5, 6 மணிக்கே கூப்பிடலாம், அங்கே காலை 9, 10 ஆகியிருக்கும்.

உங்கள் ஷிப்டு காலை 7 முதல் இரவு 7 என்றால் மேலே சொன்னதே போதும். இரவு ஷிப்டு வாரங்கள்தான் உண்மையில் உங்களுக்கு அதிர்ஷ்டம். நள்ளிரவு தாண்டி 1 மணிக்கு கேண்டீனில் சாப்பிட உட்காருவீர்கள் பாருங்கள், மகளுக்கு அப்போது மாலை 5 அல்லது 6, அவளும் அப்போதுதான் அறைக்கு வந்து என்ன சமைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். இரவு வேலை செய்கிறவர் எந்த ஊரில் இருந்தாலும் பாதி வேறு ஊர்க்காரர்தான். நான் லண்டனில் இரவு வேலை பார்த்த வாரங்களில் அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் விழித்திருந்தோம், அவர் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடிகாலையில் ஆள் கணக்கு எடுக்கும் இடத்துக்குப் போக எழும்போது எனக்கு இரவு 9 தாண்டியிருக்கும், வேலையில் நுழைந்து சட்டை மாற்றியிருப்பேன். மகளும் இரண்டாம் வருடத்தில் இரவு வேலைக்குப் போக வேண்டியிருக்கும், அப்போது இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகும், அவளுடைய ஷிப்டு அட்டவணையை மாதா மாதம் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். ஏழும் எட்டும் அரசாங்கக் கணக்கு. சூரியக் கணக்குப்படி சுங்கை சிப்புட்டுக்கும் லண்டனுக்கும் வித்தியாசம் ஆறு மணி நாற்பத்து நாலு நிமிடம்தான். லண்டனில் கிரீனிச் என்ற இடத்தில் ஒரு மேடு, அதன் மேல் பழைய வானாய்வுக் கூடம், முற்றத்தில் தரையோடு பதித்த உலோகக் கோடு. அதுதான் பூஜ்யக் கோடு, 1884-இல் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடிப் பேசி முடிவு செய்தது. மகளை ஒரு ஞாயிறு போய் அதில் நின்று படம் எடுக்கச் சொல்லுங்கள், ஆனால் கைப்பேசி காட்டும் பூஜ்யம் அந்தக் கோட்டில் இருக்காது, நூறு மீட்டர் போல கிழக்கே தள்ளித்தான் இருக்கும், செயற்கைக்கோள் கணக்கு வேறு. நம் ஊர் அந்தக் கோட்டிலிருந்து கிழக்கே 101 பாகை. பூமி ஒரு பாகை சுற்ற நாலு நிமிடம், பெருக்கிப் பாருங்கள். அப்படியென்றால் மீதி ஒன்றேகால் மணி எங்கிருந்து வந்தது? நம்முடைய கடிகாரம் நம்முடைய சூரியனைவிட அவ்வளவு முன்னால் ஓடுகிறது, வருடம் முழுக்க. நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, 1 மணியும் தாண்டி. வாசலில் ஒரு குச்சி நட்டு நிழலைப் பாருங்கள் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏன் இருட்டில் பேருந்து ஏறுகிறார்கள் என்று எல்லாரும் சலித்துக்கொள்கிறோமே, காரணம் இதுதான், ஏழரைக்குப் பள்ளி என்றால் சூரியனுக்கு அப்போது ஆறேகால்.

இது எப்படி ஆனது என்பது ஒரு தனிக் கதை. மலாயாவில் 1905-இல் கிரீனிச்சுக்கு ஏழு மணி முன்னால் என்று வைத்தார்கள், அது சூரியனோடு ஓரளவு ஒட்டிய கணக்கு. 1933-இல் இருபது நிமிடம் கூட்டினார்கள், 1941 செப்டம்பரில் இன்னொரு பத்து, ஆக ஏழரை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் ஜப்பான்காரன் கைக்குப் போனதும் தோக்கியோ நேரம், ஒரே அடியாக ஒன்பது. போர் முடிந்து 1945 செப்டம்பரில் திரும்ப ஏழரை. அப்புறம் ஏற்கெனவே எட்டில் இருந்த சபா, சரவாக்கோடு சேர்த்து நாடு முழுக்க ஒரே நேரம் வேண்டும் என்று 1981 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு பதினொன்றரைக்கு நேராகப் பன்னிரண்டு ஆக்கினார்கள், சிங்கப்பூரும் கூடவே மாறியது. அந்த வருடம் மட்டும் நம் எல்லாருக்கும் அரை மணி குறைவு.

எனக்கு அப்போது பதினொரு வயது. ஸ்டோர் வாசலில் தோட்டத்துப் பெரிய கிராணி (தலைமை எழுத்தர்) ஏணி போட்டுக் கடிகார முள்ளைத் தள்ளுவதை வேடிக்கை பார்க்கக் கூட்டமே நின்றது. பாட்டிக்குத்தான் ஆத்திரம், அரை மணியைத் திருடிட்டானுங்க என்று வெற்றிலையை இடித்தபடி திட்டிக்கொண்டிருந்தது, அடுத்த மூச்சிலேயே இதென்ன பெரிசு, ஜப்பான்காரன் ஒன்றரை மணியைத் தின்னான், எட்டு மணி ஆகியும் விடியாது என்று ஆறுதலும் பட்டுக்கொண்டது. அதன் பிறகு சாகும்வரை பாட்டிக்கு இரண்டு நேரம் இருந்தது, பழைய மணி, புது மணி. கல்யாணப் பத்திரிகையைப் படித்துக் காட்டினால், பழைய மணிக்கா புது மணிக்கா என்று கேட்கும். பெரட்டு முதல் சில நாள் புது மணிப்படியே வைத்தார்கள், சூரியனுக்கு அரை மணி முன்னதாக ஆட்கள் நிரைக்குள் போனார்கள், கும்மிருட்டு, உளி எங்கே படுகிறது என்றே தெரியவில்லை என்று அப்பா சொன்னார். பால்மரத்தை விடிவதற்கு முன்னால் வெட்டக் காரணம் இருக்கிறது. வெயில் ஏறாதபோதுதான் பட்டைக்குள் பால் அழுத்தத்தோடு நிற்கும், கோடு இழுத்ததும் மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணம்) நன்றாக இறங்கும், சூரியன் ஏறி இலைகள் நீரை இழுக்க ஆரம்பித்தால் ஒழுக்கு குறைந்துவிடும். அது எந்த அரசாங்கக் கடிகாரத்தையும் பார்ப்பதில்லை. இரண்டாம் வாரமே பெரட்டு மணியை அரை மணி தள்ளிவைத்தார்கள்.

லண்டனுக்கும் நம் தோட்டங்களுக்கும் இருந்த உறவை மகளுக்குச் சொல்லி அனுப்புங்கள், அந்நிய ஊருக்குப் போகிறோம் என்ற பயம் கொஞ்சம் குறையும். ரப்பர் விதையே அந்த வழியாகத்தான் வந்தது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன, 1877-இல் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன, அதில் ஒன்பதைப் பேராக்கின் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். மாவட்ட அலுவலகத்துப் பக்கம் ஒரு கிழட்டு ரப்பர் மரம் இன்னும் நிற்கிறது, அந்த ஒன்பதில் ஒன்று என்று பலகை வைத்திருக்கிறார்கள், நம் ஊரிலிருந்து அரை மணி ஓட்டம், போவதற்கு முன் காட்டிவிடுங்கள். தோட்ட முதலாளிக் கம்பெனிகள் பலவற்றுக்கு அந்தக் காலத்தில் தலைமையகம் அங்கேதான், பங்குகள் கைமாறியதும் அங்கேதான். 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி நம் அரசாங்கத்தின் பெர்மோடாலான் நாசியோனல் பெர்ஹாட் என்ற முதலீட்டு நிறுவனம் லண்டன் பங்குச்சந்தையில் கத்ரி என்ற தோட்டக் கம்பெனியைச் சில மணி நேரத்தில் வளைத்ததை விடியற்காலைத் தாக்குதல் என்பார்கள். விடியல் அவர்களுக்கு! அங்கே காலை 10 என்றால் அன்றைய கணக்கில் இங்கே மாலை நாலரை, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து, கோப்பி குடித்து ஆட்கள் லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் நேரம். தூங்கி எழுந்தபோது முதலாளி மாறியிருந்தார் என்று சொல்ல முடியாது, கண் முன்னால் மாறினார், யாருக்கும் தெரியவில்லை. எனக்கு வார்டில் முதல் நாள் கொடுத்த கையுறைப் பெட்டியில் மலேசியாவில் செய்தது என்று அச்சடித்திருந்தது. அழுதுவிட்டேன், சிரிக்காதீர்கள். உங்கள் மகளும் ஒருநாள் நீங்கள் பரிசோதித்து அடுக்கிய பெட்டியையே பிரிக்கலாம்.

இனி அங்கே நாள் எப்படி ஓடும் என்பதற்கு வருகிறேன். செப்டம்பர் கடைசியில் போவதால் முதலில் ஒன்றும் வித்தியாசம் தெரியாது, காலை 7-ஐ ஒட்டி விடியும், மாலை 7-ஐ ஒட்டி இருட்டும், அட நம்ம ஊர் மாதிரியே இருக்கிறதே என்பாள். அது ஏமாற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பகலில் நாலு நிமிடம் போல கழன்று விழும். அக்டோபர் 24 சனிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு மறையும் சூரியன், கடிகாரம் மாறின மறுநாள் ஐந்தாவதற்குள் மறைந்துவிடும். டிசம்பரில் காலை 8 தாண்டித்தான் உதயம், மாலை 4-க்கு முன்னாலேயே அஸ்தமனம். வார்டில் காலை வேலைக்கு இருட்டில் நுழைந்து இருட்டில் வெளியே வருவாள், நாள் கணக்கில் சூரியனையே பார்க்காமல் இருப்பாள். நமக்கு வருடம் முழுக்கப் பகலில் வித்தியாசம் அரை மணிதான், பகல் என்பது சுருங்கும் என்பதே நம் உடம்புக்குத் தெரியாது. நவம்பரில் பிள்ளை காரணமே இல்லாமல் அழுதால், படிப்பு பிடிக்கவில்லையோ, யாராவது எதுவும் சொன்னார்களோ என்று தோண்டித் துருவாதீர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடமாவது வெளியே நடக்கச் சொல்லுங்கள். நம் நிறத்துக்காரர்கள் வருடம் முழுக்கவே வைட்டமின் டி மாத்திரை, தினம் 10 மைக்ரோகிராம், எடுத்துக்கொள்வதை யோசிக்கச் சொல்லி அந்த ஊர்ச் சுகாதாரத் துறையே அறிவுறுத்துகிறது. இங்கிருந்து மூட்டை கட்டிக் கொடுக்க வேண்டாம், அங்கே மலிவு.

ஜூனில் நேர் எதிர். காலை 4.45-க்கு வெயில் சுள்ளென்று ஜன்னலில் விழும், இரவு 9.20-க்குத்தான் சூரியன் இறங்கும், நல்ல வெளிச்சத்தில் பிள்ளைகளைத் தூங்க வைப்பார்கள். எங்கள் அம்மா போனில் கேட்கும் முதல் கேள்வி, விளக்கு வெச்சாச்சா? நமக்கு விளக்கு வைக்கும் நேரம் ஏழு, ஏழேகால், அது மாறவே மாறாது. டிசம்பரில் நான் மூன்றே முக்காலுக்கு விளக்கு வைப்பேன், ஜூனில் வைப்பதற்குள் தூங்கியே விடுவேன். இரவு வேலை பார்த்துவிட்டுக் காலையில் படுத்தால் அந்த வெளிச்சத்தில் தூக்கம் வராது, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டாயம்.

மற்றபடி ஊர் சீக்கிரம் அடங்கும். இங்கே இரவு 11-க்கு மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) உட்கார்ந்து தே தாரிக்கும் ரொட்டி சானாயும் சாப்பிட்டுப் பழகிய பிள்ளைக்கு அது பெரிய இழப்பு, பசார் மாலாம் என்ற இரவுச் சந்தை கிடையாது, பல வீடுகளில் இரவுச் சாப்பாடு ஆறரைக்கே முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பெரிய பேரங்காடிகள் ஆறு மணி நேரம்தான் திறக்கலாம், 1994-இல் போட்ட சட்டம். முதல் ஞாயிறு மாலை அரிசி வாங்கப் போய் மூடின கதவைப் பார்த்துத் திரும்புவாள், எல்லாரும் ஒரு தடவை திரும்புகிறோம். ஈஸ்ட் ஹாம் பக்கம் போனால் சின்னத் தமிழ்க் கடைகள் திறந்திருக்கும், கறிவேப்பிலையிலிருந்து முருங்கைக்காய் வரை கிடைக்கும், முருகன் கோவிலும் மகாலட்சுமி கோவிலும் அங்கேயே இருக்கின்றன. அங்கே பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழ். நான் ஒரு கடைக்கார அம்மாவிடம் காலையில் "பசியாறியாச்சா" என்று கேட்டேன், அவர் என்னைப் பசியோடு வந்த பிள்ளை என்று நினைத்து உள்ளே கூட்டிப்போய் இடியப்பமும் சொதியும் வைத்துவிட்டார். சாப்பிட்டுவிட்டுத்தான் விளக்கம் சொன்னேன்.

நல்ல நேரம், ராகு காலம் பார்க்கும் குடும்பம் என்று எழுதியிருந்தீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். நாட்காட்டியில் திங்கள் 7.30 - 9 என்று அச்சடித்திருப்பது ஆறு மணிக்கு உதயம், பன்னிரண்டு மணி நேரப் பகல் என்று வைத்துப் போட்ட கணக்கு. உண்மையில் உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை எட்டாகப் பிரித்து, திங்களுக்கு இரண்டாம் பங்கு, சனிக்கு மூன்றாம் பங்கு என்று போகும். சுங்கை சிப்புட்டில் 7.10-க்கு உதயம் என்றால் திங்கள் ராகு காலம் 8.40-இலிருந்து 10.10 வரை, அதாவது தமிழ்நாட்டு நாட்காட்டியைப் பார்த்து ஏழரைக்கு முன் அவசரமாகக் கிளம்புகிறவர்கள் எதையும் தவிர்க்கவில்லை, ஒன்பதுக்கு மேல் நிம்மதியாகக் கிளம்புகிறவர்கள் நேராக அதற்குள்ளேயே போகிறார்கள்! லண்டனில் டிசம்பர்த் திங்கள் என்றால் பங்கு ஒன்றுக்கு ஒரு மணி நேரம்கூட முழுதாக வராது, ஒன்பதை ஒட்டித் தொடங்கிப் பத்துக்குள் முடிந்துவிடும். ஜூனில் அதே ராகு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார், 6.50-லிருந்து கிட்டத்தட்ட ஒன்பது வரை. என்னைக் கேட்டால், காலை வகுப்புக்குப் போகிற பிள்ளையிடம் இதைச் சொல்லிக் குழப்ப வேண்டாம்.

திதி மட்டும் கவனிக்க வேண்டிய விஷயம். திதி பிறப்பது உலகம் முழுக்க ஒரே கணத்தில், கடிகாரம்தான் ஊருக்கு ஊர் வேறு. இந்தியாவில் புதன் நள்ளிரவு தாண்டி, வியாழன் பிறந்து 1 மணிக்கு அமாவாசை தொடங்கினால் நமக்கு அது 3.30, லண்டனில் குளிர்காலம் என்றால் புதன் இரவு 7.30 தான். அதனால் நம் வீட்டில் தாத்தாவுக்குப் படைக்கிற நாளும் அவள் விளக்கேற்ற வேண்டிய நாளும் சில வருடம் ஒன்றாக இருக்காது. அந்த ஊர்க் கோவிலில் கேட்டால் அந்த ஊர்ப் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்வார்கள். பிறந்தநாள் வாழ்த்தும் அப்படித்தான், நீங்கள் நள்ளிரவு 12-க்குக் கூப்பிட்டால் அவளுக்கு முந்தைய நாள் மாலை.

கடைசியாக, இங்கே செய்ய வேண்டிய வேலைகள். நம் அலுவலகங்களும் வங்கியும் காலை 9 முதல் மாலை 5 வரை என்றால் அவளுக்கு அது குளிர்காலத்தில் நள்ளிரவு 1 முதல் காலை 9 வரை. கல்விக் கடனோ வங்கி அட்டையோ, எதற்கு அவள் அங்கிருந்து கூப்பிட்டாலும் தூக்கத்தைக் கெடுத்துத்தான் கூப்பிட வேண்டும். எனவே உங்களுக்கு அதிகாரம் தரும் கடிதத்தில் கையெழுத்து வாங்கி இரண்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள், அவளுடைய மலேசிய நம்பரைச் செத்துப்போக விடாதீர்கள், வங்கிக் குறியீட்டு எண் அதில்தான் வரும். கெடாவில் இருக்கும் உங்கள் அண்ணன் உதவுவதாகச் சொன்னால் அங்கே வார விடுமுறை வெள்ளி, சனி என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

விமானம் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பினால் பதினான்கு மணி நேரம் பறந்து அங்கே விடிகாலையில் இறங்கும். அவள் உடம்புக்கு அப்போது மத்தியானம், மாலை ஐந்துக்கே கண் சொக்கும், விடிகாலை மூன்றுக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வாள். முதல் நாலைந்து நாள் அந்த மூன்று மணிக்கு உங்களுக்குக் காலை பத்து. அந்த நாட்களில் மட்டும் விடுமுறை போட முடிந்தால் போட்டு வீட்டில் இருங்கள், கண்டிப்பாகக் கூப்பிடுவாள்.

ஒரு சின்னச் சுவர்க்கடிகாரம் வாங்கி சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். அவள் போகும் அன்று ஏழு மணி பின்னால் வைத்துக் கீழே அவள் பெயரை எழுதி ஒட்டுங்கள். அக்டோபர் 25 காலை ஒன்பதுக்கு, பசியாறிக்கொண்டிருந்தால் கையைக் கழுவிவிட்டு, நாற்காலி போட்டு ஏறி, இன்னும் ஒரு மணி பின்னால் தள்ளுங்கள்.